கயிற்றுக்கு இந்தப் பக்கம்

மார்ச் 9

நீச்சல் டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் நான் நலமாக இல்லை, நீங்கள் நலமாக இருப்பதை நேற்று நேரிலேயே பார்த்துவிட்டேன். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

இதைத் தும்பியின் விளையாட்டுப் பையில், துண்டுக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். "டீச்சர்கிட்ட குடு, நீ பிரிக்காதே" என்று சொல்லியிருக்கிறேன். போனில் பேசலாம்தான். பேசினால் என் குரல் உயரும், உங்கள் குரல் உயராது. கடைசியில் தப்பு என் பேரில்தான் வந்து நிற்கும். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நீந்தி, சைக்கிள் ஓட்டி, ஓடியும் முடிக்க வேண்டிய போட்டி. டிரையத்லான் என்று வாயில் நுழையாத பேர். அதில் பத்து வயதுப் பெண்ணைச் சேர்க்கும்போது பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? அவள் அப்பாவிடம் கேட்டீர்களாம், அவர் சரி என்றாராம். அவர் எதற்குத்தான் சரி சொல்லவில்லை? எங்கள் விவாகரத்துக்கும் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி" என்றவர்தான்.

விஷயம் கேள்விப்பட்டதும், நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மெஷினைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தேன். பெற்றவர்கள் நிற்பதற்கென்று கயிறு கட்டியிருந்தார்கள். நீங்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம். நான் கைப்பையை அணைத்துக்கொண்டு இந்தப் பக்கம். குளத்தில் எல்லாத் தலையிலும் ஒரே மஞ்சள் தொப்பி. எது என் பெண் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தது. "மூணாவதா வர்றா பாருங்க, இடது பக்கம் திரும்பி மூச்சு வாங்குறவ, அவதான்" என்று யாரிடமோ காட்டினீர்கள். சுமந்து பெற்றவள் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஓடி முடித்து வந்தாளே, நேராக உங்கள் துண்டுக்குள் போய் விழுந்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். "அம்மா, நீ எப்ப வந்தே?" என்றாள்.

அது போகட்டும். தலையில் அந்த இரண்டு பின்னல் யார் பின்னியது? என் கை பட்டாலே "வலிக்குது" என்று தெரு கேட்கக் கத்துகிறவள் அவள்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். தண்ணீரைக் கண்டால் எனக்கு வருகிற பயம் அவளுக்கு வரக்கூடாது என்று உங்கள் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தவள் நான். பெண்ணைத்தான் சேர்த்தேன். அவள் அப்பாவை அழைத்துவர மட்டுமே அனுப்பினேன்.

இப்படிக்கு,
தும்பியின் அம்மா

---

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளத்தின் ஓரத்தில் வைத்துப் படித்தேன். சின்னப் பிள்ளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். படித்து முடித்துப் பார்த்தால் பாவம், இன்னும் உதைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன்.

உங்களைக் கேட்டிருக்க வேண்டும். அது என் தப்பு. "அவங்ககிட்ட நான் கேக்கட்டுமா, இல்ல நீங்க கேக்கறீங்களா" என்று அவரிடம் கேட்டேன். "நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் பார்த்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் எழுதாமல் எழுதியிருக்கும் இன்னொன்றுக்கும் பதில் சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் பிரிந்த பிறகுதான் அவர் என்னோடு நின்று பேசினார். எங்கள் கல்யாணம் அதற்கும் அப்புறம். நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. உண்மை என்பதால் சொல்கிறேன்.

பின்னல் நான் போட்டதுதான். முடி தளர்வாக இருந்தால் தொப்பி நழுவும். உங்களிடம் கத்துவதைவிட இங்கே அதிகமாகக் கத்தினாள். சீப்பைப் பிடுங்கி அலமாரிக்குப் பின்னால் எறிந்தாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர், இங்க நல்ல பொண்ணா இருக்கேன்னு நெனைச்சுட்டிருக்காங்க" என்றாள். சொல்லிவிட்டேன், காட்டிக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். குதிப்பதற்கு முன் மேடையில் நின்று கூட்டத்துக்குள் யாரையோ தேடினாள். நடுவர் இரண்டு தடவை அதட்ட வேண்டியிருந்தது. என்னைத் தேடியிருக்க முடியாது, நான் அவள் எதிரிலேயே நின்றிருந்தேன். அது எனக்கு எப்படி இருந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை.

அடுத்த போட்டிக்கு முன்வரிசையில் வந்து நில்லுங்கள். அவள் கண்ணுக்குப் படுகிற மாதிரி.

அன்புடன்,
டீச்சர்

---

மார்ச் 23

டீச்சர் அவர்களுக்கு,

என்னை அக்கா என்று அழைக்க வேண்டாம். எனக்குத் தங்கை கிடையாது. இருந்திருந்தாலும் அவள் என் வீட்டிலிருந்து இவ்வளவை எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டாள்.

சீப்பு விஷயம் படித்துச் சிரித்தேன். அதை ஒப்புக்கொள்வதால் மற்றதெல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

என் வீட்டில் இப்போது "அங்க" என்று ஒரு சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. "அங்க துண்டை இப்படிச் சுருட்டி வைப்பாங்கம்மா." "அங்க எந்திரிச்சதும் தண்ணி குடிப்பாங்க." "அங்க யாரும் டிவி பாத்துக்கிட்டே சாப்பிட மாட்டாங்க." அங்கே அப்படி என்றால் இங்கே நான் என்ன காட்டிலா வளர்க்கிறேன்?

உங்கள் வீட்டுச் சைக்கிளைத்தான் அவள் ஓட்டினாள் என்று கேள்விப்பட்டேன். புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன், நீல நிறம். கடைக்காரர் போட்டிக்கு ஏற்றது என்றார். தும்பி ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, என் மனம் நோகக்கூடாதே என்று ரொம்ப யோசித்து, "நல்லாத்தாம்மா இருக்கு. கொஞ்சம் வெயிட்டு" என்றாள். போட்டிக்கு அதில்தான் வருவாள்.

காலையில் அவளோடு நானும் ஓடுகிறேன். தெருமுனைத் தையல் கடை வரைக்கும் அம்மா. அதற்கு மேல் என் மூச்சு மட்டும்தான் ஓடுகிறது. அவள் என் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக ஓடிக்கொண்டே பள்ளிக் கதை சொல்கிறாள். எதிரே வந்த பால்காரர் "யாரு யாருக்குச் சொல்லிக் குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் என்ன எழுதிக்கறீங்க?" என்று குடைகிறாள். உன் ஷூ அளவைப் பற்றி என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் அதையே சொல்லுங்கள்.

தும்பியின் அம்மா

---

ஜூன் 11

தும்பியின் அம்மாவுக்கு,

இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். போட்டி முடிந்து உங்களோடு வர வேண்டியவள், எங்கள் வண்டிக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டாள். நான் கூப்பிடவில்லை. இறங்கு என்று சொன்னேன், கெஞ்சினேன், கேட்கவில்லை. இரண்டு நாள் இங்கே இருக்கட்டுமா? பள்ளிக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன். சாப்பிட்டாள். இப்போது தூங்குகிறாள்.

தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டீச்சர்

---

ஜூன் 12

டீச்சருக்கு,

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவள் சைக்கிள் சங்கிலி கழன்று, நடுப்பாதையில் இறங்கி நின்று அழுதாள். ஒவ்வொரு பிள்ளையாக அவளைத் தாண்டிப் போகிறது. வேகமாக வந்தவன் ஒருவன் அவள் மேல் இடிக்கப் பார்த்தான். நான் கயிற்றைத் தாண்டினேன். சங்கிலியை மாட்டிக் கொடுத்தேன். கையெல்லாம் கறுப்பு மை. போ கண்ணு என்று தள்ளிவிட்டேன். எந்த அம்மாவும் அதைத்தான் செய்வாள். வெளியாள் தொட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? விசில் ஊதிக்கொண்டு வந்து அவள் கையிலிருந்த எண் பட்டையைக் கழற்றினார்களே, அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப் போவதில்லை.

உனக்குத் தெரிந்திருந்தது. என்னைவிடப் பக்கத்தில் நின்றாய். கையைக் கட்டிக்கொண்டு, கல் மாதிரி நின்று பார்த்தாய். "ஓடாதீங்க" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் நின்றிருப்பேன். ஏன் போடவில்லை? நான் மூக்குடைபடுவதைப் பார்க்க வேண்டியிருந்ததா? இப்போது அவள் உன் வீட்டில், உன் போர்வைக்குள். நீ ஒரு விரலைக்கூட அசைக்காமல் ஜெயித்துவிட்டாய்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊட்டிக்கொண்டே இருக்கிறாயே, உனக்கு எந்தப் பிள்ளை வளர்ந்தது?

நாளை பள்ளி விட்டதும் அவளை நானே அழைத்துக்கொள்வேன். நீ வர வேண்டாம்.

---

ஜூன் 19

தும்பியின் அம்மாவுக்கு,

உங்கள் பெண் உங்களோடு பேசத் தொடங்கிவிட்டாளா? தொடங்கியிருப்பாள். கோபத்தை மூன்று வேளைக்கு மேல் அவளால் வைத்திருக்க முடியாது, பசி வந்துவிடும்.

நான் ஏன் கத்தவில்லை என்று கேட்டீர்கள். கத்த வாய் திறந்தேன். உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அக்கா என்று கூப்பிடக்கூடாது என்றீர்கள். பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற உரிமை எனக்கு இல்லை. அந்த ஒரு நொடியில் நீங்கள் கயிற்றைத் தாண்டிவிட்டீர்கள்.

கையைக் கட்டிக்கொண்டு நின்றது விதிக்குப் பயந்து மட்டுமல்ல. கட்டாவிட்டால் நானும் ஓடியிருப்பேன். நீங்கள் ஓடினால் "அம்மா, பாவம், தெரியாம ஓடிட்டாங்க" என்பார்கள். அப்படித்தான் சொன்னார்கள், நடுவரே சொன்னார், என் காதில் விழுந்தது. நான் ஓடியிருந்தால் "நீங்க யாரு?" என்று கேட்டிருப்பார்கள். போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்து கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேனே, அங்கேயும் அதையே கேட்டார்கள். "அம்மா எங்க?" என்று கேட்டார் நர்ஸ். அரை மணி நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். தலைகூடச் சீவாமல், காலில் செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். படுக்கையிலிருந்து அவள் எழுந்து உங்கள் மேல் விழுந்தாள். அதுவரைக்கும் என் மடியில்தான் படுத்திருந்தாள். அன்றைக்கு என் வயிறு எரிந்ததை யாரிடம் போய்ச் சொல்ல?

அந்தப் பழமொழிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிள்ளை பிறக்காது. அது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அவருக்கும் தெரியும். "பரவாயில்ல, தும்பி இருக்காளே" என்றார். அவர் எனக்குச் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அதுதான்.

அடுத்த முறை சங்கிலி கழன்றால் அவளே மாட்டிக்கொள்ளட்டும். இந்த வாரம் வகுப்பு முடிந்ததும் உங்கள் சைக்கிளையே வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். நல்ல சைக்கிள்தான். கொஞ்சம் வெயிட்டு.

டீச்சர்

---

ஜூன் 25

டீச்சருக்கு,

அந்தப் பழமொழியை எழுதியிருக்கக் கூடாது. எழுதி மூடியதுமே தெரிந்தது. ஆனாலும் அனுப்பினேன். கோபத்தில் "நீ" என்றும் வந்துவிட்டது. அதை மட்டும் திரும்ப "நீங்கள்" ஆக்க முடியவில்லை, ஆக்கினால் நடிப்பு மாதிரி இருக்கிறது. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். உன்னைவிட ஐந்தாறு வயது நான் பெரியவள்தானே.

தும்பி பேசிவிட்டாள். நேற்று சமையலறைத் தரையில் பேப்பரை விரித்து, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சங்கிலியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக் காட்டினாள். கையைத் துடைக்க என் நல்ல துண்டு. திட்டவில்லை. "அம்மா, அன்னைக்கு நீ மாட்டினதே தப்பு. நான் ஓட்டியிருந்தா மறுபடியும் கழண்டிருக்கும்" என்றாள். எப்படி இருக்கிறது கதை!

அன்று உன் மடியிலிருந்து எழுந்து என்னிடம் வந்தாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. நல்ல புத்தி உள்ளவள் அப்படிப் படிக்க மாட்டாள்.

தும்பியின் அம்மா

---

ஆகஸ்ட் 3

தும்பியின் அம்மாவுக்கு,

இது அவளுக்கு இன்னும் தெரியாது. உங்களுக்கு அவர் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. போகிறார். நான் போகவில்லை. வருகிறாயா என்று அவர் கேட்கவும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, குழம்பு ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டோம். சண்டை போட்டிருந்தாலாவது ஏதோ இருந்தது என்று தோன்றியிருக்கும். வீட்டை மாதக் கடைசியில் காலி செய்கிறோம். நான் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறேன், ஜன்னலைத் திறந்தால் குளோரின் வாசனை வருகிறது. எனக்கு அது போதும்.

அவளுடைய துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். சின்னதாகிப்போன நீச்சல் உடை ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன். கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இப்போது எழுதிக் கேட்கிறேன்.

மனைவி என்ற உறவு போனால் அதோடு ஒட்டிக்கொண்டிருந்த உறவும் போகும், பிள்ளையைப் பார்க்க எனக்கு எந்த உரிமையும் கிடையாது என்று வக்கீல் நல்ல மனதோடு எடுத்துச் சொன்னார். வகுப்பில் அவளை வேறு டீச்சரிடம் மாற்ற வேண்டும் என்றால் மாற்றித் தருகிறேன். அவரும் நன்றாகச் சொல்லித் தருவார்.

செப்டம்பரில் ஏரியில் போட்டி. அவள் முதன்முதலாகத் திறந்த தண்ணீரில் இறங்கப் போகிறாள். கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். அவள் கண்ணில் படமாட்டேன். வரலாமா?

வேண்டாம் என்றால் வரமாட்டேன். பதில் வராவிட்டாலும் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வேன், நீங்கள் சங்கடப்பட வேண்டியதில்லை.

டீச்சர்

---

செப்டம்பர் 22

டீச்சருக்கு,

தும்பியின் பை இப்போது உன் வீட்டுக்கு வருவதில்லை என்பதால் தபாலில், குளத்து முகவரிக்கு அனுப்புகிறேன்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. மறந்துவிடவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. படித்ததும் சந்தோஷப்பட்டேன், அதை மறைப்பானேன். அன்று கடையில் ஒருவருக்கு வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக் கொடுத்து, அவர் வாசல்படியில் தடுக்கி விழப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷம். வகுப்பையும் நிறுத்தினேன். "டீச்சருக்கு வேற வேலையாம்" என்று சொன்னேன். இனி "அங்க" என்ற சொல் என் வீட்டில் இருக்காது என்று நினைத்தேன். இல்லைதான். அவள் துண்டைச் சும்மா சுருட்டி வைக்கிறாள், ஒன்றும் சொல்வதில்லை.

ஏரிப் போட்டிக்குத் தொண்டர் வேலைக்குப் பேர் கொடுத்து, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றேன். காற்று அடித்தது. தண்ணீர் கறுப்பாக இருந்தது. எல்லாத் தலையும் உள்ளே போனபோது கழுத்து அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அவளைக் கண்டுபிடித்தேன். இடது பக்கம் திரும்பி மூச்சு வாங்குகிறவள். யாரும் எனக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. நான்காவதாகக் கரையேறினாள். சைக்கிளில் ஒருத்தியை முந்தினாள். ஓட்டத்தில் அவளிடமே தோற்றாள். நான்காவது. கோட்டைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். என் துண்டு, என் கை. குறுக்கே வேறு யாரும் இல்லை. மார்ச் மாதத்திலிருந்து நான் ஏங்கியது அதுதான்.

துண்டுக்குள் நின்றுகொண்டே, "அம்மா, நான் டீச்சருக்கு ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"பின்ன ஏன் வரல? நான் அந்தச் சீப்பை எறிஞ்சேன். அதுக்கா?"

பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா தனியாகத்தான் போயிருக்கிறார், டீச்சர் இங்கேதான் இருக்கிறாள், நான்தான் வகுப்பை நிறுத்தினேன் என்று. கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. ஈரத் தொப்பியை மடியில் விரித்து மடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அப்பா போனா டீச்சரும் ஏம்மா போகணும்? அப்பாவுக்கு முன்னாடி எனக்குத்தானே அவங்க டீச்சர்? நான்தானே அப்பாவுக்குக் காட்டினேன்?" என்றாள்.

வக்கீலுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உனக்கு அதற்குப் பதில் இருக்கிறதா?

பொறாமை போய்விட்டது, நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இதை எழுதும்போதும் எரிகிறது. அவள் உன்னைக் கேட்டு அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உன்னை விட்டுக் கொடுக்காமல் இவ்வளவு நாள் என்னிடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் சின்னப் பிள்ளை. ஒருத்திக்காக இன்னொருத்தியிடம் மறைத்துப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து வகுப்புக்கு வருவாள். வேறு டீச்சர் வேண்டாம். சின்ன நீச்சல் உடையை நீயே வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை குளத்திலேயே சின்னப் போட்டி இருக்கிறதாம், அவளே விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். வாசலில் விட்டுவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். அன்றைக்கு நீ மட்டும் நின்று பார். என்னால் ஒரு தடவைதான் இப்படிச் செய்ய முடியும், அடுத்த போட்டியிலிருந்து நானும் நிற்பேன், முன்வரிசையில் நிற்பேன். யாராவது உன்னை "நீங்க யாரு?" என்று கேட்டால் அவளையே பதில் சொல்லச் சொல். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான்.

முடிந்ததும் பஸ் ஏற்றி நீயே கூட்டிக்கொண்டு வா. அன்றைக்கு எப்படி நீந்தினாள், யாரை முந்தினாள் என்ற கதையை அவள் வாயால் முதலில் கேட்பவள் நானாக இருக்க வேண்டும். அவளைப் பற்றி உனக்குத் தெரியும், வழியிலேயே உன்னிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிடுவாள். ஏறியதும் கையில் இரண்டு வாழைப்பழத்தைக் கொடுத்துவிடு. பேச வாய் ஒழியக் கூடாது.

தும்பியின் அம்மா